வங்கி சீலுக்காக ஒரு வெட்டிப் பயணம்: ராமநாதபுரத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கணக்குப் போட்ட கதை

பிள்ளைகள் இருவரோடு நால்வராகப் பாரிஸ், வெனிஸ், ரோம் போய்வர விசாவுக்குக் கொடுக்கப் போயிருந்தோம். சென்னை விசா விண்ணப்ப மையத்தில் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கவுன்டரில் இருந்தவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்து, வங்கி ஸ்டேட்மென்டில் நிறுத்தினார். “சீல் இல்லையே சார்?” செல்போன் ஆப்பில் இறக்கி, கலரில் பிரின்ட் போட்ட ஆறு மாத ஸ்டேட்மென்ட். ஒவ்வொரு பக்கத்திலும் வங்கி முத்திரையும் அதிகாரி கையெழுத்தும் வேண்டுமாம். “இப்படியே கொடுக்கணும்னா கொடுங்க, குறைபாடு இருக்குன்னு தெரிஞ்சே கொடுக்கிறேன்னு ஒரு கையெழுத்துப் போடணும். இல்லேன்னா வேற தேதி எடுத்துக்குங்க.”

பக்கத்துத் தெருவிலேயே அதே வங்கியின் கிளை இருந்தது. ஓடினோம். “கணக்கு இருக்கிற கிளையிலதான் போடுவாங்க” என்று சொல்லிவிட்டார்கள். கணக்கு ராமநாதபுரத்தில். அன்று வெள்ளிக்கிழமை. இரவு ரயிலேறி, திங்கள்கிழமை காலை பத்து மணிக்குச் சொந்தக் கிளையில் சீல் வாங்க ஆன நேரம் பத்து நிமிடம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது 19 நாள் கழித்து. நால்வர் ரயிலில் போய்வந்து, ஒரு பகல் அறை, ஆட்டோ, சாப்பாடு என்று ஒரு தடவைக்கு 12,000 ரூபாய். இரண்டு தடவை 24,000. பிள்ளைகளின் பள்ளி நாள் போனது தனி.

குறைபாட்டோடு கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். கூடாது. அந்த மையம் காகிதத்தை வாங்கி அனுப்புகிற இடம் மட்டும்தான், முடிவெடுப்பது தூதரகம். அங்கே மறுத்தால் விசாக் கட்டணம் திரும்ப வராது. ஆகவே முதல் வேலை: சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு முந்தின வாரம் சொந்தக் கிளைக்குப் போய், எல்லாப் பக்கத்திலும் சீலும் கையெழுத்தும், கடைசிப் பக்கத்தில் அதிகாரியின் பெயரும் பதவியும் வாங்கிவிடுங்கள். ரொம்ப முன்னாலேயும் வாங்கக் கூடாது. ஸ்டேட்மென்டின் கடைசி வரவு செலவு விண்ணப்பத் தேதியை ஒட்டி இருக்க வேண்டும்.

இந்தக் கடற்கரையில் மீன் தொழிலில் இருப்பவர்களுக்கு ஸ்டேட்மென்டில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மீன் ஏலக் காசு, கமிஷன், கருவாட்டு வியாபாரம் எல்லாம் கையில் வந்து கையிலேயே போகிறது. வீட்டில் எட்டு லட்சம் இருக்கலாம். வங்கியில் நாற்பதாயிரம்தான் தெரியும். விசாவுக்குக் கொடுப்பதற்கு முந்தின வாரம் மொத்தமாக ஆறு லட்சம் கட்டினால், அது கைமாற்று வாங்கிக் காட்டின பணம் என்றுதான் படும். இவர்கள் பார்ப்பது இருப்பை மட்டும் இல்லை; மாதாமாதம் வருகிறதா, வந்தது தங்குகிறதா என்று பார்க்கிறார்கள். ஆகஸ்டிலிருந்தே விற்பனைப் பணத்தை வங்கியில் போட்டு எடுக்கும் பழக்கத்தைத் தொடங்கினோம். பில் புத்தகம், ஜிஎஸ்டி பதிவு, இரண்டு வருட வருமான வரிக் கணக்கு ஆகியவற்றோடு, தொழில் என்ன, எந்த மாதம் வரவு கூடும், எந்த மாதம் குறையும் என்று ஒரு பக்கக் கடிதமும் வைத்தோம்.

காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நமக்கு ஊரைவிட்டுக் கிளம்ப முடிகிற காலம் அதுதான், பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஆனால் விண்ணப்பத்தைத் தடைக்காலம் தொடங்கும்வரை தள்ளிப்போட்டால் ஸ்டேட்மென்டின் கடைசி வாரங்கள் வறண்டு கிடக்கும், கோடை அப்பாயின்ட்மென்டும் தீர்ந்துபோயிருக்கும். பிரான்ஸ், இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்லப் பொதுவாக 15 நாள், சிக்கல் என்றால் 45 நாள்வரை. மே மாதப் பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரியில் கொடுத்தால் கையில் இருக்கும் ஆறு மாத ஸ்டேட்மென்ட் நல்ல சீசனுடையது.

அடுத்தது இனிஷியல். இது தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி. வங்கியில் “க. செல்வம்”, பாஸ்போர்ட்டில் “செல்வம் கருப்பையா”, மனைவிக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், வங்கியில் கணவர் இனிஷியல். நமக்கு ஒரே ஆள் என்று தெரியும். கோப்பைப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று ஆள். வங்கியிலும் பான் கார்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை மாற்றிக்கொள்வதுதான் நிரந்தர வழி. அதற்குச் சில வாரம் ஆகும். நேரமில்லை என்றால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வையுங்கள். விமான டிக்கெட்டில் ஓர் எழுத்துகூடப் பாஸ்போர்ட்டிலிருந்து விலகக் கூடாது.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எங்கள் மகளுடையதில் பெயர்க் கட்டம் காலி. பிறந்ததும் பதிவு செய்துவிட்டு, பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்காமல் விட்ட வீடுகள் நிறைய. பதிவான நாளிலிருந்து 15 வருடத்துக்குள் தாமதக் கட்டணம் கட்டிப் பெயர் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் பெரும் அலைச்சல். பழைய சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். பிள்ளைகளின் படிவத்தில் தாய், தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் உடன் வரவில்லை என்றால் அவருடைய சம்மதப் பத்திரம், நோட்டரி முத்திரையோடு.

விசாக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 நிறையாத பிள்ளைக்கு 45, ஆறுக்குள் இலவசம். எங்கள் மகளுக்கு 13, மகனுக்கு 9. ஆக மூன்று 90, ஒரு 45: 315 யூரோ. நாங்கள் கணக்கு முழுவதற்கும் ஒரு யூரோ 110 ரூபாய் என்று கூட்டியே வைத்தோம், ஏறினாலும் தாங்கட்டும் என்று. அப்படிப் பார்த்தால் 34,650. மையத்தின் சேவைக் கட்டணம், பாஸ்போர்ட் வீட்டுக்கு வரக் கூரியர் எல்லாம் சேர்த்து இன்னொரு 10,000. 12 நிறையாத பிள்ளைக்குக் கைரேகை கிடையாது. ஆனாலும் நேரில் கூட்டிவர வேண்டுமா என்று மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பாதீர்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், இறங்கும் நாள் முதல் கிளம்பும் நாள்வரை ஒரு நாள் விடாமல். நால்வருக்கு 6,000 ஆனது.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக நாள் தங்கும் நாட்டிடம். நாள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. முதலில் பாரிஸில் 5 இரவு, இத்தாலியில் 5 இரவு என்று போட்டிருந்தோம். குழப்பமே வேண்டாம் என்று பாரிஸ் 6, வெனிஸ் 2, ரோம் 2 என்று மாற்றி, பிரான்ஸிடம் கொடுத்தோம். விசாவுக்கு டிக்கெட் முன்பதிவு காட்டினால் போதும், காசு கட்டின டிக்கெட் அவசியமில்லை. அறைகளையும் இலவசமாக ரத்து செய்யக்கூடியவையாகவே எடுங்கள். திரும்பி வராத பணம் எதையும் விசா கைக்கு வரும்வரை கட்டாதீர்கள்.

மொத்தம் 7,20,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதில் விமானம் 2,72,000. பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்புகிற மாதிரி ஒரே டிக்கெட்டாக எடுத்ததால், ரோமிலிருந்து மறுபடி பாரிஸுக்குப் போகும் செலவும் ஒரு நாளும் மிச்சம். அறை 10 இரவுக்கு 1,600 யூரோ. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் கணக்குத் தப்புகிறது. இரண்டு பேர் அறை எடுத்து, தரையில் ஒரு மெத்தை போட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே எடுபடாது. பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் வயதோடு நால்வரையும் காட்ட வேண்டும். இரட்டை அறையைக் காட்டிவிட்டுக் குடும்பத்தோடு போய் நின்றால் இரண்டாவது அறைக்குப் பணம் கேட்பார்கள். சமையலறை உள்ள சிறு அபார்ட்மென்ட் நால்வருக்கு மலிவு.

அறை வாடகைக்கு மேல் நகர வரி ஒன்று உண்டு. ரோமில் மூன்று நட்சத்திர விடுதி என்றால் ஆளுக்கு இரவொன்றுக்கு 6 யூரோ, பத்து வயதுக்குள் இல்லை. பாரிஸில் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இல்லை. எங்களுக்கு எல்லா ஊருக்குமாக 120 யூரோவை ஒட்டி ஆனது. வெனிஸில் பகலில் வந்துபோகிறவர்களுக்குக் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம். அந்த ஊரிலேயே தங்கினால் கட்ட வேண்டாம், ஆனால் இணையத்தில் விலக்குப் பதிவு செய்து க்யூஆர் கோடு வைத்திருக்க வேண்டும்.

ஏஜென்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு பிடித்தம் இருக்கிறது; விற்பவரே நம்மிடம் முன்கூட்டி வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி அது. விலை பேசும்போது அதைச் சொல்லமாட்டார்கள், பில் போடும்போது சேர்ப்பார்கள். சதவீதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் அந்த வருட விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது போன பணமில்லை. வருமான வரித் துறையில் உங்கள் பான் எண்ணில் ஏறும், வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். வருமான வரி தாக்கல் செய்கிறவர் யாரோ அவருடைய பான் எண்ணில் பில் போடச் சொல்லுங்கள்.

கையில் ரொக்கமாக 400 யூரோ, மீதி ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது முன்கூட்டியே யூரோ ஏற்றிவைக்கும் கார்டு. சாதாரணக் கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம்வரை போகும், அதன் மேல் ஜிஎஸ்டி. கடையில் கார்டைத் தேய்த்ததும் மெஷின் “ரூபாயிலா, யூரோவிலா?” என்று கேட்கும். எப்போதும் யூரோ. ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் போகும்.

பாரிஸ் மெட்ரோவில் ஒரு கார்டை நால்வரும் மாற்றி மாற்றித் தேய்க்க முடியாது. ஆளுக்கொரு நவிகோ ஈஸி கார்டு (டிக்கெட் ஏற்றிக்கொள்ளும் கார்டு), விலை 2 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து மெட்ரோ டிக்கெட் 2.55 யூரோ, விமான நிலையத்துக்கு ஒரு வழிக்கு 14 யூரோ. 10 வயது ஆகாத பிள்ளைக்கு மெட்ரோவில் அரை டிக்கெட் உண்டு, கேட்டு வாங்குங்கள். லூவர் அருங்காட்சியகம் 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ. அதே இடத்தில் 18 வயதுக்குள் யாருக்கும் இலவசம். வெர்சாய் அரண்மனையும் ரோமின் கொலோசியமும் அப்படியே. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த மூன்றுக்கும் ஒரு காசு ஆகவில்லை. இலவசம்தானே என்று டிக்கெட் எடுக்காமல் போகாதீர்கள். லூவரில் பிள்ளைகளுக்கும் நேரம் குறித்த இலவச டிக்கெட் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 70 யூரோ ஒதுக்கினோம். ஒரு வேளை வெளியே, இரண்டு வேளை அபார்ட்மென்டில். தண்ணீர் பாட்டில் வாங்குவது வீண். ரோமில் தெருத்தெருவாக ஓடும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாரிஸிலும் குடிநீர்க் குழாய்கள் உண்டு.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடாது. அதனால் நெய், பால்கோவா, பால் பவுடர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் கூடாது. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், பனங்கருப்பட்டிக்குத் தடையில்லை. மீனுக்குத் தனி விதி: சொந்தச் சாப்பாட்டுக்கென்றால் மீன், இறால், கருவாடு ஆளுக்கு 20 கிலோவரை கொண்டுபோகலாம். நாங்கள் ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு கொண்டுபோனோம். தலை கிள்ளி, வெயிலில் இன்னொரு நாள் காயவைத்து, வேக்குவம் பேக் இரண்டு சுற்றுப் போட்டு, பெட்டியில் துணிகளுக்கு நடுவே. கைப்பையில் வேண்டாம். அங்கே போய் எண்ணெயில் வறுக்கவும் வேண்டாம். சமையலறைக் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும், அது அலறினால் கட்டடமே வெளியே வந்து நிற்கும். ஊரிலேயே வறுத்து, மிளகாய்த்தூள், பூண்டு போட்டு நொறுக்கிப் பொடியாகக் கொண்டுபோனால் சூடான சோற்றில் அப்படியே பிசைந்துகொள்ளலாம்.