இசட்83 படிவமும் கோயில் கணக்கும்

டர்பனில் பட்டதாரிகளுக்கு வேலைவாய்ப்பு ஆலோசனை சொல்வது என் பணி. தென்னாப்பிரிக்காவில் வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. வேலை தேடும் 15 முதல் 24 வயது வரையிலானோரில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. பட்டதாரிகள் நிலை இதைவிடப் பரவாயில்லைதான். ஆனால் டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் கல்யாண வீட்டுக்குப் போனால், "இன்னும் ஒன்றும் அமையவில்லையா?" என்று நாலு பேர் கேட்கும் பிள்ளைக்கு அந்தப் புள்ளிவிவரம் என்ன ஆறுதல் தரும்?

நேர்காணலில் எப்படி உட்காருவது, தன்விவரக் குறிப்பை எப்படி அழகாக்குவது என்பதோடு நம் ஆலோசனை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வணிகவியல் படித்த ஒரு பெண் கொண்டுவந்த குறிப்பில் பாடங்களின் பட்டியலும் 'கடின உழைப்பாளி' என்ற சொல்லும்தான் இருந்தன. சனி, ஞாயிறுகளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "கோயில் கணக்குப் பார்ப்பேன், அக்கா. அதையெல்லாம் எழுதலாமா?" என்றாள். தைப்பூசக் காவடியின்போது குவியும் நன்கொடைக்கு ரசீது போட்டு, அன்னதானச் செலவைப் பதிந்து, மாத முடிவில் வங்கி அறிக்கையோடு சரிபார்ப்பவள் அவள். கணக்கர் வேலைக்குக் கேட்கும் அனுபவம் வேறு என்ன? அதை நான்கு வரியில் எழுதி முதல் பக்கத்தின் மேலேயே வைத்தோம்.

அடுத்தது அரசு வேலைக்கான இசட்83 படிவம். கையொப்பம் விட்டுப்போனாலே விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். முதல் கட்டத்தில் படிவமும் தன்விவரக் குறிப்பும் போதும். சான்றிதழ்களின் சான்றொப்பமிட்ட நகல்களை நேர்காணலுக்கான பட்டியலுக்கு வந்தவர்களிடம்தான் கேட்பார்கள். இது தெரியாமல் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நகல் எடுத்து, சான்றொப்பத்துக்காகக் காவல் நிலைய வரிசையில் நின்று, டாக்ஸிக்கும் காசைக் கொட்டுகிறார்கள். வருமானமே இல்லாத வீட்டில் அது சின்னச் செலவு அல்ல. ஆரம்பநிலை அரசுப் பணிகளுக்கு முன் அனுபவம் தேவையில்லை என்ற விதி 2019 முதல் நடைமுறையில் இருப்பதும் பலருக்குத் தெரியாது.

பெற்றோரையும் அழைத்துப் பேச வேண்டும் என்பேன். உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி கிடைத்தபோது, "பட்டம் வாங்கியவள் பயிற்சிக்குப் போவதா?" என்று தடுத்த தாயைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயிற்சிதான் ஓர் அலுவலகத்துக்குள் நுழையும் வழி என்பதை மகள் சொன்னால் எடுபடாது; நாம்தான் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பட்டமளிப்போடு கைகழுவாமல் இரண்டு ஆண்டுகளாவது பட்டதாரிகளைத் தொடர்ந்து அழைத்துப் பேசுங்கள். மறுப்புக் கடிதங்கள் வரத் தொடங்குவதே பட்டம் வாங்கிய பிறகுதான்.