பில்லின் பின்பக்கம்

பிப்ரவரி 9
அம்மாவுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) 4.2. நேற்றும் அதே.

டியூஷன் பெண் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "சார், ஒரு சமன்பாட்டை முழுசா 3ஆல பெருக்கினா விடை மாறிடாதா?" மாறாது, 0ஆல் மட்டும் பெருக்கிவிடாதே என்று போட்டேன். "ஏன் சார்?" என்றாள். அதற்குள் ஆறாம் நம்பர் பெட்டுக்கு யார் என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 10
ஐசியூ வாசலில் உட்கார இடமில்லை. காபி வாயில் வைக்க விளங்கவில்லை.

பிப்ரவரி 11, ராத்திரி 2 மணி
தூக்கம் வரவில்லை. ஃபார்மஸி பில்லைத் திருப்பி வைத்துக்கொண்டு அந்தப் பழைய சீனக் கணக்கைப் போட்டேன். கி.பி. 263இல் லியு ஹுய் என்ற சீனக் கணித அறிஞர் உரை எழுதினாரே, ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற அந்தக் கணித நூலின் எட்டாம் அத்தியாயத்தில் முதல் கணக்கு. உயர்ரகக் கதிர் 3 கட்டு, நடுத்தரம் 2, மட்டம் 1. மொத்தம் தானியம் 39 தோ (பழைய சீன முகத்தலளவை). அடுத்து 2, 3, 1, 34. கடைசியில் 1, 2, 3, 26. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு கட்டுக்கு எவ்வளவு தானியம்? முறையே x, y, z என்று வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் இதைக் குச்சிகளை அடுக்கிப் போட்டிருக்கிறார்கள். சிவப்புக் குச்சி மிகை எண், கறுப்பு குறை எண்.

முதல் வரியில் இரண்டாவதைக் கழித்தேன். இரண்டாவதில் முதலைக் கழித்தேன். ஒரே x = y + 5 இரண்டு தரம் வந்தது. சரி என்று y = 3 வைத்தேன். x = 8, z = 4. மூன்றாவது வரிக்கு 26 கச்சிதம். முதல் வரியில் போட்டுப் பார்த்தால் 39க்கு 34. இரண்டாவதில் 34க்கு 29.

இரண்டிலும் அதே 5 குறைகிறது. எங்கே போனது?

பிப்ரவரி 12
மருந்துக்கு 3,140. அண்ணன் ஃபோனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 13
குளிக்கும்போது பிடிபட்டது. இருபது வருஷமாகப் பிள்ளைகளைத் திட்டுகிற தப்பு! முதல் வரியை மாற்றினால் இரண்டாவதைத் தொடாமல் விட வேண்டும். தொட்டே ஆக வேண்டுமென்றால் புது முதல் வரியைத்தான் கழிக்க வேண்டும். நான் பழையதையே கழித்தேன். மூன்று வரி இருந்த இடத்தில் இரண்டுக்குத்தான் சரக்கு. 0ஆல் பெருக்கினாலும் இதே கதிதான், ஒரு வரி 0 = 0 என்று செத்துப்போகும். அந்தப் பெண்ணுக்கு இதை எழுத வேண்டும்.

திரும்பப் போட்டேன். x = y + 5ஐ வைத்துக்கொண்டு மற்ற இரண்டிலும் xஐ நீக்கினால் 5y + z = 24; 3y + 3z = 21, அதாவது y + z = 7. கழித்தால் 4y = 17. நாலேகால். மட்டம் இரண்டேமுக்கால், உயர்ரகம் ஒன்பதேகால். மூன்று பழைய வரிகளிலும் போட்டுப் பார்த்தேன். 39, 34, 26.

டாக்டர் இன்று சொன்னது: "நேத்து மாதிரியேதான் இருக்காங்க." முந்தாநாள்: "மோசமாகல." எத்தனை விதமாகச் சொன்னாலும் ஒரே வரி.

பிப்ரவரி 14
3.9.

அம்மா களத்தில் கட்டைத் தூக்கிப் பார்த்தே எத்தனை படி காணும் என்று சொல்லிவிடுவாள். ஒன்பதேகால் நல்ல விளைச்சலா என்று கேட்க வேண்டும். வாயில் ட்யூப். நாளைக்கு எடுக்கலாம் என்று