நடுவில் வரும் பந்து

2025 நவம்பர் 1, சனி

டென்னிஸ் வீரர் ரோஹன் போபண்ணா ஓய்வு பெற்றுவிட்டார். காலையில் கோர்ட்டிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்து ஃபோனைத் திறந்தபோதுதான் தெரிந்தது. இந்த வாரம் பாரீஸ் மாஸ்டர்ஸில் அலெக்சாண்டர் புப்ளிக்கோடு சேர்ந்து 7-5, 2-6, 8-10 (மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்து பாயிண்ட் டை-பிரேக்) என்று தோற்றாரே, அதுதான் கடைசி ஆட்டமாம். அன்றைக்கு ஸ்கோரைப் பார்த்து, ‘அடடா, ரெண்டே பாயிண்ட்’ என்று உச்சுக்கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

ஒரு மாதத்துக்கு முன்புதான் டோக்கியோவில் தகேரு யுசுகி என்ற ஜப்பான்காரரோடு ஃபைனல் வரை போனார். 45 வயதில். அவரும் 1980, நானும் 1980. ‘இந்த வயசுல எதுக்கு டென்னிஸ், வாக்கிங் போனா போதாதா’ என்று வீட்டில் கேட்டால் எடுத்துவிட ஒரு பேர் இருந்தது. இனி வேறு ஆள் தேட வேண்டும்.

வழக்கமாக இந்த மாதிரிச் செய்திக்கு முதல் ஃபோன் சாருக்குத்தான் போகும். இன்று போடவில்லை. நாங்கள் பேசி ஆறு நாள் ஆகிறது.

சார் என் டபுள்ஸ் ஜோடி. வயது 61. போன ஞாயிறு கிளப் போட்டியில் செமி ஃபைனல். 40-40, அதாவது டியூஸ் வந்தது. எங்கள் கிளப்பிலும் நோ-ஆட் முறைதான், ரெண்டு பாயிண்ட் முன்னிலை வேண்டாம், அடுத்த பாயிண்ட் யாருக்கோ கேம் அவர்களுக்கு; நாங்கள் விட்டால் மேட்சும் போச்சு. நாங்கள் இருவருமே நெட்டுக்கு வந்துவிட்டோம். எதிரணியில் இருந்த பையன் பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை. நடுவில் ஒரு பந்தைத் தள்ளிவிட்டான், அவ்வளவுதான். சார் எடுப்பார் என்று நான் நின்றேன். நான் எடுப்பேன் என்று சார் நின்றார். தெருவைக் கடக்கும் பூனை மாதிரி பந்து எங்கள் இருவருக்கும் நடுவே நிதானமாகப் போயிற்று.

“உன்னுதுதானேப்பா அது?”

“நீங்க இடது பக்கம் நிக்கிறீங்க சார். நடுவுல வந்தா உங்க ஃபோர்ஹேண்ட்.”

வலதுகைக்காரர் இடது பக்கம் நின்றால் நடுவில் வரும் பந்து அவருடைய வலதுகைப் பக்கம், அதாவது ஃபோர்ஹேண்டுக்கு வரும்; டபுள்ஸ் பாடத்தில் முதல் பக்கத்துச் சேதி அது. ஆனால் இருபது பேர் முன்னால், அந்தக் குரலில் சொல்லியிருக்கக் கூடாது.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. கோர்ட்டில் தண்ணீர். மாலையில் வீட்டில் எல்லோரும் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை ஃபைனலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஒரு மூலையில் இயர்போனைச் செருகிக்கொண்டு 2024 ஆஸ்திரேலிய ஓப்பன் ஃபைனலைத் திரும்பப் பார்த்தேன். போபண்ணா, மேத்யூ எப்டன் ஜோடி. எதிரே இத்தாலிக்காரர்கள் பொலெல்லி, வவசோரி. 7-6, 7-5. முதல் செட் டை-பிரேக் 7-0.

பந்து பறக்கும்போது பார்க்காமல், பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்த்தேன். ஜெயித்தாலும் தோற்றாலும் இருவரும் நெருங்கி வருகிறார்கள், கையைத் தட்டிக்கொள்கிறார்கள், வாயை மறைத்துக்கொண்டு ரெண்டு வார்த்தை. அப்புறம் நெட்டில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் விரலால் சாடை காட்டுவார். குறுக்கே பாயப் போகிறேன், இருந்த இடத்திலேயே நிற்கப் போகிறேன், அதற்கேற்ற மாதிரி சர்வீஸைப் போடு என்று அர்த்தம். அதாவது பந்து வருவதற்கு முன்பே அது யாருடையது என்று பேசி முடித்துவிடுகிறார்கள். சாரும் நானும் பதினைந்து வருஷத்தில் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை. பழகிவிட்டது, பேசத் தேவையில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கோப்பையை வாங்கிக்கொண்டு பேசும்போது போபண்ணா சொன்னதும் நினைவில் இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்து மாதம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல், போதும், நிறுத்திக்கொள்கிறேன் என்று மனைவிக்கு வீடியோ அனுப்பியிருக்கிறார். அந்த ஆள்தான் 43 வயதில், 61ஆவது முயற்சியில், முதல்முறையாக ஆண்கள் டபுள்ஸ் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தோடு நிற்கிறார். அடுத்த திங்கட்கிழமை உலக நம்பர் 1. அந்த இடத்தை அந்த வயதில் அதற்கு முன் யாரும் தொட்டதில்லை.

ஹாலில் ஒரே கூச்சல். தென்னாப்பிரிக்காவை ஜெயித்துவிட்டோம். நானும் எழுந்துபோய்க் கத்தினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

கிளப்பில் உறுப்பினர்களோடு பந்து அடித்துப் பழக்கும் மார்க்கர் கேட்டார், “என்ன சார், பெரியவர் வரல?”

“தெரியல.”

“அப்ப புது ஜோடி பாத்துக்க வேண்டியதுதான். போபண்ணா எத்தனை பேரோட ஆடியிருக்காரு!”

கிண்டல்தான். ஆனால் கணக்கு சரி. மெல்போர்னில் ஜெயிக்கும்வரை கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் டபுள்ஸில் மட்டும் 19 ஜோடிகள். பாகிஸ்தானின் ஐசாம்-உல்-ஹக் குரேஷி, மகேஷ் பூபதி, ருமேனியாவின் ஃபுளோரின் மெர்ஜியா, உருகுவேயின் பாப்லோ குவேவாஸ் என்று ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போகும். 2022இல் நம் ராம்குமார் ராமநாதனோடு சேர்ந்து அடிலெய்டிலும் புனேயிலும் பட்டம் வாங்கினார்.

இதை வைத்து ‘ஒருத்தரோடும் நிலைக்காதவர்’ என்று பேசுவோர் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. டபுள்ஸ் ஒரு கூட்டு வியாபாரம். இருவருடைய ரேங்கையும் கூட்டி, தொகை குறைவாக இருக்கிற ஜோடிக்குத்தான் போட்டியில் இடம். கூட்டாளிக்கு முழங்கை வலித்தால் உன் கடையும் மூடும். பரிசுப் பணமும் சிங்கிள்ஸில் கிடைப்பதைவிட மிகக் குறைவு. ஜோடி மாற்றாமல் இருபது வருஷம் ஓட்ட எல்லோரும் இரட்டைப் பிறவிகளா, பிரையன் சகோதரர்களைப் போல?

அந்தப் பிரையன்களிடம்தான் 2010 யு.எஸ். ஓப்பன் ஃபைனலில் போபண்ணாவும் குரேஷியும் தோற்றார்கள். ரெண்டு செட்டும் டை-பிரேக். ‘போரை நிறுத்து, டென்னிஸைத் தொடங்கு’ என்ற வாசகத்தோடு அந்த வருஷம் ஆடிய ஜோடி அது. ஐ.நா.வுக்கான இந்தியத் தூதரும் பாகிஸ்தான் தூதரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினார்கள். இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் வேறு ஏதோ உலகம் மாதிரி இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

அந்த ஃபைனல் முடிந்து ஒன்பதே நாளில், 2010 செப்டம்பர் 19ஆம் தேதி, போபண்ணா நுங்கம்பாக்கத்தில் நின்றார். நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை, பிரேசிலுக்கு எதிராக, மொத்தம் ஐந்து ஆட்டம். எனக்கு அப்போது முப்பது வயது. ஆபீஸில் பொய் சொல்லிவிட்டு மூன்று நாளும் போனேன். (ஞாயிற்றுக்கிழமைக்குப் பொய் தேவைப்படவில்லை.)

முதல் நாள் ரெண்டு சிங்கிள்ஸும் போயின. போபண்ணா, தாமஸ் பெலுச்சியிடம் ஐந்து செட் ஆடித் தோற்றார். சனிக்கிழமை லியாண்டர் பயஸும் பூபதியும் டபுள்ஸை ஜெயித்து மானத்தைக் காப்பாற்றினார்கள். ஞாயிறு சோம்தேவ் ஆடும்போது வெயிலும் புழுக்கமும் தாங்காமல் பெலுச்சி பாதியிலேயே விலகிக்கொண்டார். நம் ஊர் வெயில் ஒருநாளாவது நமக்கு உதவியது. 2-2.

கடைசி சிங்கிள்ஸ். யாரை இறக்குகிறார்கள்? சிங்கிள்ஸில் முதல் 200க்குள் ஒருபோதும் வராத போபண்ணாவை. பக்கத்துச் சீட்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, “தனியா ஆட வெச்சுட்டாங்களேப்பா இவனை” என்றார். அப்புறம் போபண்ணா ஒரு சர்வீஸ் போட்டார். பந்து சுவரில் மோதிய பிறகுதான் ரிகார்டோ மெல்லோ ராக்கெட்டை அசைத்தார். மூன்று செட்டில் முடிந்தது. பக்கத்துச் சீட்காரர் அந்தத் துண்டைக் கழற்றி, முன்பின் தெரியாத என் தலையில் போட்டுச் சுற்றினார். வியர்வை நாற்றம் தாங்கவில்லை.

அவர்தான் சார்.

இரண்டு நாள் கழித்து அவர் ஆடும் கோர்ட்டுக்கு வரச்சொன்னார். ‘நீ வலது பக்கம் நில்லு’ என்றார். நின்றேன். இன்றுவரை அங்கேதான் நிற்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சார் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்து, “வா வா, உள்ள உக்காந்து காலுக்கு ஒத்தடம் குடுத்துட்டு இருக்காரு” என்றார்.

வலது முழங்கால் வீங்கிப்போய், மேலே வெந்நீர்ப் பை. ஜூலையிலிருந்தே வலியாம். ஒவ்வொரு ஞாயிறும் ஆட வருவதற்கு முன் ஒரு மாத்திரை. யாரிடமும் சொல்லவில்லை. “அன்னைக்கு அந்தப் பந்து என்னுதுதான்ப்பா. தெரியும். வலது காலை ஊணி ஒரு அடி வைக்கணும், வைக்க வரல” என்று டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டி.வி.யில் அரிசி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போபண்ணா கதையை எடுத்தேன். அவருக்கும் முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், தினமும் ரெண்டு மூன்று வலி மாத்திரை போட்டு ஆடியவர்தான். கொரோனா காலத்தில் அய்யங்கார் யோகா செய்ய ஆரம்பித்த பிறகு மாத்திரையை விட்டார். நாற்காலி, கயிறு, கட்டை என்று முட்டுக்கொடுத்துச் செய்கிற யோகா அது. தொடைத் தசை பலப்பட்டால் மூட்டில் பாரம் குறைகிறது. இண்டியன் வெல்ஸ், மயாமி, ஆஸ்திரேலியா பட்டங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

“அவன் குடகுல விறகு பொளந்து வளந்தவன்ப்பா. காவிரி பொறக்கற ஊரு. நான் ஃபைல் பொரட்டி வளந்தவன்” என்றார் சார். விறகு விஷயம் உண்மைதான், சர்வீஸுக்குத் தோள் பலம் வர விறகு பிளந்ததையும் காப்பித் தோட்டத்தில் ஓடியதையும் ஓய்வு அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்.

சார் கோயம்புத்தூர்க்காரர். அதனால் பேச்சு தானாக ஸ்ரீராம் பாலாஜிக்குப் போயிற்று. 2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் போபண்ணாவுக்கு, முதல் 10 ரேங்கில் இருந்ததால், ஜோடியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. கோவைப் பையன் பாலாஜியைத் தேர்ந்தெடுத்தார். முதல் சுற்றில் மான்ஃபீஸ், ரோஜர்-வாஸலான் ஜோடியிடம் தோற்று, இந்தியாவுக்காக இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார். சாருக்கு அதில் இன்னும் ஆறாத வருத்தம்.

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் கதையையும் கிளறினோம். பயஸோடு ஆட மாட்டோம் என்று பூபதியும் போபண்ணாவும் நின்றது, பயஸை விஷ்ணுவர்தனோடு அனுப்பியது, ரெண்டு ஜோடியும் இரண்டாம் சுற்றோடு ஊர் திரும்பியது. யார் பக்கம் நியாயம் என்று பதின்மூன்று வருஷமாகச் சண்டை போடுகிறோம். இன்றும் போட்டோம். ஆறு நாள் பேசாமல் இருந்ததற்கு, இல்லை, பதினான்கு நாள், அது நன்றாக இருந்தது.

நவம்பர் 13, வியாழன்

சார் தினமும் ஒரு மணிநேரம் ஃபிசியோவிடம் போகிறார். ஆட்டத்தை விட வேண்டாம், ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். எப்படி ஓட்டத்தைக் குறைப்பது என்று யோசித்து, ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வாட்ஸ்அப் ஆடியோ அனுப்பினார். “பக்கம் மாத்திக்கலாமா? நடுவுல வர்றதெல்லாம் உன் ஃபோர்ஹேண்டுக்குப் போயிடும். நான் ஓரத்தைப் பாத்துக்கறேன்.”

2017 சென்னை ஓப்பன் ஃபைனல் ஞாபகம் வந்தது. நாங்கள் இருவரும் கேலரியில் இருந்தோம். போபண்ணா, ஜீவன் நெடுஞ்செழியன் ஜோடி 6-3, 6-4. ஜீவன் இடதுகைக்காரர், சென்னைப் பையன், அவருடைய முதல் ஏ.டி.பி. பட்டம். இடதுகையும் வலதுகையும் ஜோடி சேர்ந்தால் நடுவில் ரெண்டு ஃபோர்ஹேண்ட் நிற்கும், இல்லாவிட்டால் ரெண்டு பேக்ஹேண்ட் நிற்கும், எது வேண்டும் என்று பேசிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று சார் அன்றைக்கு அரைமணிநேரம் வகுப்பு எடுத்தார். அடுத்த வருஷமே போட்டியைப் புனேக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வேறொன்றையும் பார்த்தேன், 2023 யு.எஸ். ஓப்பன் ஃபைனல். தோற்ற ஆட்டம்தான். மூன்றாவது செட்டில், பாயிண்டை ஜெயித்த பிறகு, பந்து என் கையில் உரசியது என்று போபண்ணா தானாகப் போய் நடுவரிடம் சொல்கிறார். யாரும் கவனித்திருக்கவில்லை. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தும் உரசியது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சார் முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு வந்தார். நான் இடது பக்கம், அவர் வலது. பதினைந்து வருஷப் பழக்கத்தில் முதல் கேமில் ரெண்டு தடவை இருவரும் ஒரே பக்கம் போய் நின்றோம். மார்க்கர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

ஒவ்வொரு பாயிண்டுக்கும் பேசினோம். முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. சார் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டினார், என்ன சாடை என்று எனக்குப் புரியவில்லை. “சும்மா சொறிஞ்சேன்ப்பா” என்றார்.

3-3இல் அந்தப் பந்து வந்தது. அதே உயரம், அதே நடு. “என்னுது!” என்று கத்திக்கொண்டே வீசினேன். சாரும் வீசிவிட்டார். ரெண்டு ராக்கெட்டும் மோதிய சத்தம் பக்கத்துக் கோர்ட் வரை கேட்டிருக்கும். பந்து எதில் பட்டதோ, நெட்டின் மேல் ஏறி, அந்தப் பக்கம் செத்தாற்போல் விழுந்தது.

“போச்சு, உங்க பாயிண்ட்தான்” என்றான் எதிரே நின்ற பையன்.

சார் கையைத் தூக்கினார். “இல்லப்பா. ரெண்டு பேர் ராக்கெட்லயும் பட்டுச்சு. பாயிண்ட் உங்களுது.”

பட்டதா என்று எனக்குத் தெரியாது. சார் ஃபிரேமைத் தடவிப் பார்த்தார். நகக்கண் அளவுக்குப் பெயிண்ட் உரிந்திருந்தது. அதை ஊதிவிட்டு, “அடுத்த சர்வீஸ் யாருது?” என்றார்.