போர்டின் மேலே ஒரு பிள்ளையார் சுழி

அமெரிக்காவில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம். போர்டில் எழுதத் தொடங்கும் முன் மேலே சின்னதாக ஒரு ‘உ’ போட்டுவிடுவேன். பக்தி என்றெல்லாம் சொல்ல முடியாது, சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகிப்போன வேலை.

இரண்டு மாதம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஒருநாள் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தால், ஏழு தாள்களின் தலையில் சுழி! ஒன்று தலைகீழாக, இன்னொன்று கேள்விக்குறி மாதிரி. மறுநாள் கேட்டேன். “அதிர்ஷ்டக் குறிதானே, நீங்கள் தினமும் போடுவீர்களே” என்றாள் ஒரு பெண். சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பையன் மட்டும் தன் தாளை இழுத்து வைத்துச் சுழியை ரப்பரால் அழித்தான். கோபம் இல்லை. வீட்டில் பார்த்தால் என்ன ஆகுமோ என்கிற முகம்.

அன்று இரவு, அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பிரார்த்தனை சொல்லவைப்பது பற்றிய ஏங்கல் வழக்கை எடுத்துப் படித்தேன். நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் எழுதிக் கொடுத்த பிரார்த்தனை, ஆங்கிலத்தில் மொத்தமே 22 சொற்கள். எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. விருப்பமில்லாத பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிற்கலாம், வெளியேயும் போகலாம். அப்படியும் கூடாது என்றது உச்ச நீதிமன்றம், 1962-இல். பிரார்த்தனை எழுதித் தருவது அரசின் வேலையே இல்லை. அரசு ஒரு பக்கம் நின்றால் மற்றவர்கள்மேல் மறைமுகமாக அழுத்தம் விழும் என்றது. இதில் என்ன பெரிய அழுத்தம் என்று நினைத்தவன்தான் நானும். நான் யாரையும் போடச் சொல்லவில்லையே, ஏழு பேர் போட்டார்களே.

பள்ளியிலிருந்து கடவுளைத் துரத்திவிட்டார்கள் என்று ஆசிரியர் அறையில் ஒருவர் அடிக்கடி அங்கலாய்ப்பார். யாரும் துரத்தவில்லை. பரீட்சைக்கு முன் சிலுவை போட்டுக்கொள்ளும் பையனையோ, மதிய இடைவேளையில் தொழும் பெண்ணையோ யாரும் தடுக்கக் கூடாது. கட்டுப்பாடு சம்பளம் வாங்குகிற எங்களுக்குத்தான். அதுவும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மண்டியிட்டு வேண்டிய கால்பந்துப் பயிற்சியாளர் பக்கம் 2022-இல் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 6-க்கு 3. அது அவருடைய தனிப்பட்ட வேண்டுதல் என்பது வாதம். இருக்கலாம். ஆனால் யாரை ஆட்டத்தில் இறக்குவது என்று முடிவுசெய்கிறவர் மண்டியிட்டால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் என்ன செய்வான்? நான் அந்த மூன்று பேர் கட்சி. மார்க் போடுகிற கை என்னுடையது.

இப்போது சுழியை என் நோட்டில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். போர்டு முன் நின்றால் கை இன்னும் ஒரு நொடி மேலே போய்த் திரும்புகிறது. அதிர்ஷ்டக் குறி என்று சொன்ன அந்தப் பெண் மட்டும் வருடக் கடைசி வரை தன் தாளில் போட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளையாருக்காகவா மார்க்குக்காகவா என்று நான் கேட்கவில்லை.