பள்ளத்தூர்ல இழை எடுக்குற ராத்திரி

கிறிஸ்துமஸ் வாரம் எங்க டீமுக்கு வேலையே இருக்காது, கிளையன்ட் ஸ்வீடன்காரங்க, மொத்தமா கடைய சாத்திட்டு போயிடுவாங்க. அதனால "பிள்ளையார் நோன்புக்கு வீட்டுக்கு வாடா"ன்னு ஃப்ரெண்ட் கூப்பிட்டதும் பல்லவன் ரயில்ல காரைக்குடிக்கு டிக்கெட் போட்டேன். அங்கேர்ந்து பள்ளத்தூர் பக்கம்தான்.

எனக்கு பிள்ளையார்னா சதுர்த்தி, கொழுக்கட்டை, அவ்ளோதான். நகரத்தார், அதாவது செட்டிநாட்டு செட்டியார் வீட்ல இது வேற. திருக்கார்த்திகைலேர்ந்து எண்ணி 21வது நாள், சஷ்டியும் சதயமும் கூடுற அன்னைக்கு வருது. இந்த வாட்டி கிறிஸ்துமஸை ஒட்டியே வந்துடுச்சு, வழியில சில வீட்டு வாசல்ல ஸ்டார் தொங்குது, பக்கத்து வாசல்ல மார்கழி கோலத்துல பரங்கிப்பூ.

வீட்டை பத்தி சொல்லணும்னா தனி பதிவே போடணும், பர்மா தேக்குத் தூணு, ஆத்தங்குடி கல்லு, இந்தப் பக்கம் முகப்புல நின்னா வளவு, அதான் நடு முற்றம், தாண்டி பின்கட்டு வாசல் வரைக்கும் நேரா தெரியுது. சாயங்காலம் ஆக ஆக பங்காளிங்க எல்லாரும் வளவுல கூடிட்டாங்க. ஆவாரம்பூ, நெல்லுப்பொரி, எள்ளுப்பொரி, கருப்பட்டிப் பணியாரம் வாசனை வேற, நான் காலைலேர்ந்து சரியா சாப்பிடல.

அப்புறம்தான் அது. கோடி வேட்டி, அதாவது புது வேட்டிலேர்ந்து உருவின 21 நூலை திரியா திரிச்சு, அரிசிமாவும் வெல்லமும் நெய்யும் போட்டு பிசைஞ்ச இழைமாவுல சொருகி வச்சிருக்காங்க, இதுதான் இழை. வீட்டுக்குப் பெரியவர் அதை ஏத்தி ஒவ்வொருத்தர் கையிலயா குடுக்குறாரு, வாங்கினவங்க அந்த எரியிற திரியோட அப்படியே வாய்ல போட்டு முழுங்கிடுறாங்க! சின்னப் பசங்க கூட. கர்ப்பமா இருந்த ஒரு அக்காவுக்கு ரெண்டு இழை, ஒண்ணு வயித்துல இருக்குறதுக்கு. எனக்கு பாக்கவே நாக்கு சுட்டுச்சு.

கடல் தாண்டி யாவாரத்துக்குப் போனவங்க புயல்ல மாட்டிக்கிட்டு, நாளுக்கு ஒரு நூலா வேட்டிலேர்ந்து எடுத்து வச்சு பிள்ளையாரை வேண்டினாங்க, 21வது நாள் கரை சேந்தாங்கன்னு ஃப்ரெண்டோட அப்பத்தா கதை சொன்னாங்க. கப்பல் யாவாரிங்க வம்சத்துல இதை விட பொருத்தமா ஒரு கதை இருக்க முடியாது.

பினாங்குல இருந்து வந்திருந்த பெரியப்பா பக்கத்துல உக்காந்து, அங்க சீனக்காரங்க டோங்ஜி அன்னைக்கு அரிசிமாவுல உருண்டை புடிச்சு இனிப்புத் தண்ணில போட்டு குடுப்பாங்க தம்பி, தாங்யுவான்னு பேரு, நம்ம பால் கொழுக்கட்டைக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும்னாரு. அது டிசம்பர் 21, 22, வருஷத்துலயே சின்னப் பகல் வர்ற நாள். நானும் என் பங்குக்கு ஸ்வீடன் கதைய எடுத்து விட்டேன். டிசம்பர் 13 லூசியா திருநாள், பொண்ணு தலைல மெழுகுவத்தி கிரீடம் வச்சு நடந்து வரும், போன வருஷம் வீடியோ கால்லயே காமிச்சாங்க. யூதர்கள் ஹனுக்காவுக்கு எட்டு ராத்திரி தினம் ஒண்ணு கூட்டி ஏத்துவாங்க, மத்ததை ஏத்துறதுக்குன்னு தினம் வைக்கிற மெழுகுவத்தியும் சேத்தா மொத்தம் 44. ஈரான்ல யல்தாவுக்கு, வருஷத்துலயே நீளமான ராத்திரி அது, விடிய விடிய முழிச்சு மாதுளை சாப்பிடுவாங்க.

அவங்களுக்கெல்லாம் இருட்டு நிஜமாவே பெரிய விஷயம், ஸ்டாக்ஹோம்ல அப்போ பகலே ஆறு மணி நேரம்தான். நமக்கு பதினொன்றரை மணி நேரம் வெயிலடிக்குது, ஸ்வெட்டர் கூட தேவைப்படல. ஆனா அவங்க எல்லாம் ஏத்தி வச்சு பாக்குறாங்க, இங்க ஏத்தினதை முழுங்கிடுறாங்க. இதைச் சொன்னதும் அப்பத்தா சிரிச்சாங்க, "தீவம் வெளிய எரிஞ்சா காத்தடிச்சா அணைஞ்சு போயிரும்ல தம்பி".

எனக்கு இழை கிடையாது, நான் பங்காளி இல்லையே. கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. ஆனா கிளம்புறப்ப ஆச்சி ஒரு டப்பால பணியாரம், பொரி, ஓரத்துல திரி இல்லாத இழைமாவு ஒரு உருண்டை வச்சு குடுத்தாங்க. புதுக்கோட்டை வர்றதுக்குள்ள டப்பா காலி.