காஸ மட்டும் அடிச்சித் தா மனே

மட்டக்களப்பில் கடலோரக் கல்லடிப் பக்கம் பிரிட்ஜ் திருத்தப் போனால் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். கடற்காற்றில் குழாய் கறள் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எங்கேயாவது விழுந்திருக்கும். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம், காஸ மட்டும் அடிச்சித் தா மனே, மீனெல்லாம் பழுதாகப் போகுது" என்பார் வீட்டுக்கார மாமி. அடித்தால் கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் அதுவும் ஓட்டை வழியே வானத்துக்கு.

பழைய பிரிட்ஜ்களைக் குளிரவைத்தது ஆர்-12 என்ற, குளோரின் உள்ள காஸ். எரியாது, எதோடும் இலேசில் சேராது; வேலை செய்கிறவனுக்கு அருமையான காஸ். வினையும் அந்தக் குணத்தில்தான். கீழே எதுவும் அதைச் சிதைக்காததால் அப்படியே ஓசோன் படைவரை போய்விடும். அங்கே புறஊதாக் கதிர் பட்டு அதிலிருந்து கழலும் ஒரு குளோரின் அணு, ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கும். மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974இலேயே எச்சரித்தார்கள். ஓசோனை அழிக்கும் இப்படிப்பட்ட காஸ்களை நிறுத்த 1987இல் மொன்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இலங்கை 1989இல் சேர்ந்தது.

சரி, கையெழுத்துப் போட்டால் பிரிட்ஜ் குளிருமா? குளோரின் இல்லாத ஆர்-134ஏ வந்தபோது பழைய எண்ணெய் அதோடு கலக்கவில்லை. கொம்பிரசருக்கு வேறு எண்ணெய் தேட வேண்டியிருந்தது. ஓசோன் தப்பியது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அந்தக் காஸ் காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதைக் குறைக்க 2016இல் கிகாலியில் அதே உடன்படிக்கைக்கு ஒரு திருத்தம்.

இப்போதைய பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஓசோனுக்குத் தொந்தரவில்லை, ஆனால் பற்றிக்கொள்ளும். கதவு, ஜன்னலைத் திறந்து, மிச்சக் காஸைக் குழாய் போட்டு வீட்டுக்கு வெளியே விட்டு, நைதரசனால் உள்ளே கழுவிய பிறகுதான் குழாயை ஒட்ட நெருப்பைக் கிட்டக் கொண்டுபோவேன். ஓட்டை தேடுவதும் நைதரசனை அழுத்தித்தான். மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிவிட்டுப் பொறுமையாகப் பார்த்தால், ஓரிடத்தில் ஒரு குமிழ் மெல்ல மெல்ல ஊதும். அங்கே ஒட்டி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி வெக்கியூம் இழுத்து, தராசில் நிறுத்துக் காஸ் ஏற்ற வேண்டும். வீட்டு பிரிட்ஜ் ஒன்றுக்கு வழக்கமாக 150 கிராமுக்கு மேல் போகாது. கைக்கணக்கு இதில் சரிவராது.

பழைய ஏசி கழற்றும் தம்பிமாருக்கு ஒன்று. அதில் இருக்கும் ஆர்-22 காஸிலும் குளோரின் இருக்கிறது. ஆர்-12 அளவுக்கு மோசமில்லை, அவ்வளவுதான். வால்வைத் திறந்து காற்றில் விடாதீர்கள். கொம்பிரசர் ஓடுமென்றால் மெல்லிய குழாயின் வால்வை மூடி, ஏசியைக் குளிரில் ஓடவிட்டு, காஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள் போனதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி உடனே நிறுத்துங்கள். சில நிமிட வேலை. இதற்குத் தனியாகக் கூலி கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேளுங்கள். நான் கேட்கிறேன்.