சித்திரைல ஒருக்கா கொறங்காட்டப் பாருங்க

மனசு சோந்து கெடந்தா ஆளாளுக்கு மோட்டிவேஷன் வீடியோ அனுப்பறாங்க, எந்திரி ஓடு விடாதேன்னு, எனக்கு அதப் பாத்தா இன்னும் அசதிதானுங்க வருது. அதுக்குப் பதிலா காங்கேயம், தாராபுரம் பக்கம் சித்திரை வெயில்ல ஒரு கொறங்காட்டுக்குள்ள போயி நின்னு பாருங்க.

கொறங்காடுன்னா மேய்ச்சலுக்குன்னே விட்டு வெச்ச மானாவாரி நெலம். சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கொண்ணு இங்கொண்ணா வெள்வேல மரம், அவ்ளோதான். தண்ணி கட்டறது கெடையாது, ஐப்பசி கார்த்திகைல பேயறதுதான் பெரிய மழை.

கோடைல அந்தக் கிளுவைய பாக்கோணுமே, பேருக்கு ஒரு எலை இருக்காது, வெறும் முள்ளுங் குச்சியுமா நிக்கும், வெளியூர்க்காரங்க பட்டுப்போச்சுன்னே முடிவு பண்ணிருவாங்க. நகத்துல லேசா கீறிப் பாத்தா தோலுக்கு அடியில பச்சை. இருக்கற ஈரம் எலை வழியா போயிரக் கூடாதுன்னு அதே எலைய உதுத்துட்டு கம்முனு நிக்குது, ஒரு மழை விழுந்தா துளுத்துரும். புல்லும் அப்படித்தான், மேல காஞ்சு சருகாயிருந்தாலும் வேரு சாகறதில்ல. வெள்வேலங்காய ஆடு மாடு தின்னு சாணியில போடற வெதை இன்னும் நல்லாவே மொளைக்கும், வயித்துக்குள்ள போயி வந்தா அந்தக் கெட்டித் தோலு எளகிரும்.

கொரோனா சமயத்துல திருப்பூர்ல என்ற ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஆர்டரே இல்லாம போயி பாதி மிஷின வித்துட்டேன், சொந்தக்காரங்க அத தோல்வின்னாங்க, எனக்கென்னமோ அது எலை உதுத்த கணக்காத்தான் பட்டுச்சு.

ஆனா இதுல யாரும் பேசாத விஷயம் ஒண்ணு இருக்குங்க. மழை பேஞ்சு காடு பச்சையானதும் வெவரமானவங்க உடனே மாட்ட உள்ள உடமாட்டாங்க. அப்பத்தான் வந்த குருத்த மேய விட்டா புல்லு தேறாது, கொஞ்ச நாள் படல சாத்தியே வெச்சிருப்பாங்க. மறுபடி ஆர்டர் வர ஆரம்பிச்சப்போ லோன் போட்டு புது மிஷின் எறக்கிரலாம்னு நான் குதிச்சுட்டு இருந்தேன், காங்கேயத்து மாமன் கிட்ட சொன்னதுக்கு அவரு வெத்தலைய மென்னுட்டே "பொறுங்க மாப்ள, இப்பத்தான மழை பேஞ்சிருக்குது" அப்படின்னாரு. லோன் போடலைங்க. இருக்கற மிஷின்லயே ஓடுது, ஞாயித்துக்கெழம லீவு உடறேன், வூட்ல அதுக்கே சந்தோசம்.